வெறும் ஆணி

வார்னிஷ் நாற்றம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழுந்திருக்கும் ஹோட்டலிலிருந்து காலையில் இலைக்கஞ்சியும் மூலிகை எண்ணெயும் விற்கும் எங்கள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பளபளவென்று ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கோப்பையை என் கையில் வைத்து, "அங்கிள், இயற்கைக்குக் கெடுதல் இல்லாத தொழில இந்தப் பக்கத்துல நீங்க ரெண்டு பேருந்தானே மொதல்ல தொடங்கினீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அதைத் திரும்ப வாங்கி, சுவரில் வெறுமையாக இருந்த ஓர் ஆணியில் மாட்டிப் படம் பிடித்தாள். அது உங்கள் ஆணி. அவள் படி இறங்கியதும் கழற்றி உரக்குழியில் எறிந்தேன். வார்னிஷ் மக்காது என்று என் மனைவி ராஜி அதற்கும் திட்டினாள்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலைநாட்டு ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில், குடையைச் சுருக்கவும் மறந்து எங்கள் வாசலில் நின்று தும்மினீர்கள். "இந்த ஊரிலை மழை விடுறதே இல்லையோ, அண்ணை?" என்று கேட்டீர்கள். "மொதல்ல ஒரு செரட்ட கொண்டாங்க. கஞ்சியக் குடிச்சிட்டு மழையத் திட்டலாம்," என்றாள் ராஜி. மறுநாளே தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டையில் ஒரு குடையைச் செதுக்கிக் கொண்டுவந்தீர்கள். அலுவலகக் கிளாக்கருக்கு இவ்வளவு கைவேலை தெரியுமா என்று கேலி செய்தோம். அதன்பிறகு ஒரு காலைகூட நீங்கள் வரத் தவறியதில்லை.

அந்தச் சிரட்டைகளைப் பற்றி வருகிறவர்கள் எல்லாம் புகழ்வார்கள். ஆளுக்கொரு சிரட்டை, தன் அடையாளத்தைத் தானே செதுக்க வேண்டும், தானே கழுவி ஆணியில் மாட்ட வேண்டும். வீணாவது எதுவும் இல்லை; அரைத்த இலைச் சக்கைகூட வல்லாரைப் பாத்திக்கு உரம். நானும் தலையாட்டிக்கொள்வேன். அது தொடங்கிய விதத்தை உங்களிடம் நான் சொன்னதில்லை. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தெல்தோட்டையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் குடித்த கிளாஸில் தான் குடிக்க மாட்டேன் என்று நம் தமிழ் ஆள் ஒருவர், டவுனில் புடைவைக் கடை வைத்திருந்தவர், முகத்தைச் சுளித்தார். நான் அவருக்குத் தனிக் கிளாஸ் எடுக்க எழுந்தே விட்டேன். ராஜிதான் அத்தனை கிளாஸையும் அள்ளி உள்ளே வைத்துவிட்டு, "இனிமே எல்லாருக்கும் செரட்டதான். உங்களுக்கும்தான், ஐயா," என்றாள். ஒருவரின் அருவருப்பில் பிறந்த வழக்கத்தைத்தான் ஊர் மெச்சியது.

கலவரம் தொடங்கிய அன்று காலையில் கஞ்சி குடிக்க யாரும் வரவில்லை. சிரட்டையை எடுத்துப்போக வந்தார்கள். முதலில் வந்தவர் அந்தப் புடைவைக்கடைக்காரர். அடுத்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சிங்களவர், தினமும் ராஜியைத் 'தங்கையே' என்று கூப்பிடுகிறவர். ஒரு தமிழன் வீட்டுச் சுவரில் தன் அடையாளம் தொங்கக் கூடாதாம். எங்கள் முகத்தைப் பார்க்காமல் உருவிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு போனார். மத்தியானம் கும்பல் வந்து பானைகளை உடைத்தபோது, சுவரில் எங்கள் இரண்டு சிரட்டைகளும் உங்கள் குடையும் மட்டும்தான் இருந்தன.

மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள். அதிபர் சிரட்டைக்குப் புதிதாக எண்ணெய் பூசிக்கொண்டு வந்தார். நான் கரண்டியைத் தொடவில்லை. நீங்கள்தான், "அவையளுக்குப் பயம், அக்கா. பயத்துக்கும் கஞ்சி வேணும்தானே, ஊத்துங்கோ," என்றீர்கள். ராஜி ஊற்றினாள். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அந்தப் பயம் என்னிடம் வர ஐந்தாறு வருடம் எடுத்தது. யுத்தம் முற்றிய நேரம். உங்களை வாடகை அறையிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அறிந்த காலையிலேயே இரண்டு பொலிஸ்காரர்கள் கடைக்கு வந்தார்கள். ஒருவன் சுவரை மேலும் கீழும் பார்த்து, உங்கள் சிரட்டையைக் கழற்றி, இந்தக் குடை யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். ராஜி உள்ளே எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தெரியும், எங்கள் நண்பர், நல்ல மனிதர் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றியிருக்குமா, தெரியாது. நான் சொன்னது இதுதான்: "அது ஒரு தோட்டத்து ஆளுடையது. அவன் செத்துப்போய்விட்டான்."

நீங்கள் அப்போது உயிரோடு இருந்தீர்கள். எங்கேயோ ஒரு அறையில், யாராவது வந்து கேட்பார்கள் என்று இருந்திருப்பீர்கள். அவர்கள் சிரட்டையை எறிந்துவிட்டுப் போனதும் அதை எடுத்து அடுப்பில் போட்டேன். எண்ணெய் ஊறிய சிரட்டை, நன்றாக எரிந்தது. அந்தத் தீயில்தான் அன்றைய கஞ்சி கொதித்தது. அதிபரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் தன்னுடையதைத்தான் எடுத்துப்போனார்.

அடுத்த வருடம் உங்கள் மனைவி வந்தார். எல்லா ராணுவ முகாம்களிலும் கேட்டு அலைந்து களைத்திருந்தார். "இஞ்ச கஞ்சி குடிக்கிறவர் எண்டு எழுதுவார். அவரின்ரை சிரட்டை இருக்கோ, அண்ணை?" என்றார். ராஜி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் என்னுடையதைக் கழற்றி, "இதுதான்" என்று கொடுத்தேன். கடிதங்களில் குடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை போலும். அவர் அதில் கஞ்சி வாங்கிக் குடித்தார். பிறகு முந்தானையில் துடைத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண பஸ் ஏறினார்.

பஸ் போனபின் ராஜி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஒங்க எச்சிலையா அந்தப் புள்ளைக்குக் குடுத்து அனுப்புனீங்க?"

அதன்பிறகு நான் வேறு சிரட்டை செதுக்கவில்லை. சுவரில் இரண்டு ஆணிகள் வெறுமையாக இருக்கின்றன. கடை இன்றும் நடக்கிறது. எல்லோரும் குடித்து முடித்து, பானை ஆறிய பிறகு நான் போய் இரண்டு கையையும் ஏந்துகிறேன். ராஜி ஊற்றுகிறாள். இன்று கஞ்சியிலும் வார்னிஷ் நாறியது. அப்படியே குடித்தேன்.