விரலை நீட்டாமல் காட்டினாள்

என் அருமை ஹாஜரா லாத்தாவுக்கு,

மத்தியானச் சாப்பாட்டில் கேட்காமலே உங்கள் டப்பாவுக்குள் கைவிட்டுப் பழகிய செண்பகம் எழுதுகிறேன். உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் வருவதில்லை என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் நேரில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்கிறேன்.

பிள்ளைகளை ஊர் காட்டும் வழிகாட்டிகளாகப் பழக்கும் உங்கள் சுற்றுலா வகுப்பு நம் பள்ளியில் மறுபடி வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை காலையில், அதே மேற்குக் கோடி அறையில். சந்தோஷம்தானே என்று கேட்காதீர்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

நீங்கள் அதைத் தொடங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கணக்கு நோட்டுத் திருத்துவதை விட்டுவிட்டு நான் ஜன்னலோரம் வந்து நின்றேன். "நம்ம ஊருக்கு வெளியூர்க்காரங்க எதுக்கு வாறாங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டீர்கள். "பாவநாசம் போற வழியில பஸ்ஸு நின்னா டீ குடிக்க" என்றான் ஒருத்தன். வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, "சரி, டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள அவங்களுக்கு நீ என்னத்தக் காட்டுவ?" என்றீர்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை, யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பஸ் நேரங்களை எழுதி வரச் சொன்னீர்கள். படித்துறையில் எந்தப் படி வழுக்கும் என்று பார்த்துவரச் சொன்னீர்கள். அப்பளம் போடும் வீட்டுக்குக் கூட்டிப் போகுமுன், அந்த வீட்டம்மாவிடம் பிள்ளைகளே போய் அனுமதி கேட்க வேண்டும். விருந்தாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று, பின்பக்கமாக நடந்தபடியே பேசப் பழக்கினீர்கள். எதையும் விரலை நீட்டிக் காட்டக் கூடாது, உள்ளங்கையை விரித்துத்தான் காட்ட வேண்டும். ஒரு கட்டடத்தைக் காட்டினால் அதைக் கட்டியவர் பெயர் முதலில், கல்வெட்டில் இருக்கிறவர் பெயர் அப்புறம். எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தீர்கள்.

பிள்ளைகள் ரோட்டோரம் பின்பக்கமாக நடந்து பழகிய அன்றுதான் நம் பள்ளிச் செயலாளரின் கார் அந்த வழியே வரவேண்டுமா? மறுநாளே ஆசிரியர் கூட்டம் போட்டார். "ஊர் சுத்துததுக்கு ஒரு பாடமா? பொம்பளப் பிள்ளைகள ரோட்டுல விட்டுக் கூத்து காட்டுதியளா?" என்று கத்தினார். நீங்கள் நோட்டைத் திறந்து விளக்கப் போனீர்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. இங்கன ஒங்களக் கேக்க ஆளில்ல, அதான்" என்றார். அத்தனை பேர் முன்னால். நீங்கள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டீர்கள். முக்காட்டைச் சரிசெய்தீர்கள். அவ்வளவுதான்.

அப்புறம் வகுப்பை மூடிவிட்டு உங்களை நூலகத்தில் உட்கார வைத்தார். மூன்று பீரோ, அதில் இரண்டுக்குச் சாவி கிடையாது. அங்கேயே இரண்டு வருஷம் இருந்தீர்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது வேறு. இரங்கல் கூட்டத்தில் செயலாளர் உங்களை "நம்ம நூலக டீச்சர்" என்றார். பெயர்கூட வாயில் வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன் லாத்தா, இந்த ஆளை விடக்கூடாது என்று.

காலம் அவரை என் கையில் கொண்டுவந்து தந்தது. இந்த வருஷம் கல்வித்துறை மேலிடத்திலிருந்து இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், அவர் முந்திக்கொண்டு ஓடினார். அறை வாசலில் பளபளவென்று ஒரு பலகை: 'செயலாளர் அவர்களின் சிந்தனையில் உருவான சுற்றுலா வகுப்பு'. பார்வையிட ஓர் அதிகாரியம்மா வருவதாகத் தகவல். என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான அந்த டீச்சர் கூடயே இருந்தது? பழைய நோட்டு ஏதும் கெடந்தா எடுத்துக் குடுங்க. அதுல உள்ளபடியே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தச் சுத்திக் காட்டட்டும்" என்றார்.

உள்ளபடியே என்றார், கவனித்தீர்களா? அன்றைக்கு அந்த நோட்டில் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருப்பாரா?

முத்துச்செல்வி என்றொரு பெண். நீங்கள் பார்த்ததில்லை. துறுதுறுவென்று இருப்பாள். நான் எடுத்து வைத்திருந்த உங்கள் நீல நோட்டை அவளிடம் கொடுத்தேன். வகுப்பு முன்பு ஏன் நின்றது என்று கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். இதைச் சொல், அதைச் சொல் என்று நான் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் சொல்ல மாட்டாளா என்று ஏங்கினேன்.

அதிகாரியம்மா வந்த அன்று அவள் வாசலிலிருந்து பின்பக்கமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் காட்டினாள், ஒரு தடவைகூடக் கால் தடுக்கவில்லை. மேற்குக் கோடி அறைக்கு வந்து நின்றாள். செயலாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த வகுப்ப ஆரம்பிச்சவங்க ஹாஜரா டீச்சர். பலகையில உள்ள பேர அதுக்கப்புறம் சொல்லுதேன்" என்றாள்.

"அந்த டீச்சரப் பார்க்கலாமா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"எறந்துட்டாங்கம்மா. அதுக்கு முன்னாலயே வகுப்ப மூடியாச்சு."

"ஏட்டி, அதெல்லாம் இப்ப எதுக்கு? உள்ள கூட்டிட்டுப் போ" என்றார் செயலாளர்.

"விருந்தாளி கேட்டா வழிகாட்டி பதில் சொல்லணும்னு நோட்டுல இருக்கு சார்."

"யாரும்மா மூடினது?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

லாத்தா, அவள் விரலை நீட்டவில்லை. உள்ளங்கையை விரித்து, மரியாதையாக, அவரைக் காட்டினாள். நீங்கள் பழக்கியபடியே. அந்த மனுஷன் முகம் போன போக்கை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பிள்ளைய ஏவி விட்டியளா?" என்றார். "ஆமா" என்றேன். அவள்மேல் பழி விழக்கூடாது என்றுதான் சொன்னேன். அதற்காக மட்டும்தான் என்றால் அது பொய். என்னிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. பலகையைக் கழற்றியாகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் போனில், "அவ யாரையும் சபிச்சதில்லம்மா, விட்ருங்க" என்றார். மன்னிப்பது உங்கள் குணமாக இருந்திருக்கலாம். அது உங்களோடு போயிற்று.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நேற்று முத்துச்செல்வி நோட்டைத் திருப்பித் தர வந்தாள். "அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நீங்களும் இருந்தியளா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இருந்தேன்."

"நீங்க என்ன சொன்னிய?"

உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தேன் லாத்தா. அவர் உங்கள் வீட்டுக்காரரை இழுத்துப் பேசியபோது நான் என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் தினமும் உங்கள் டப்பாவில் சாப்பிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

"ஒண்ணும் சொல்லல" என்றேன் அவளிடம்.

அவள் நோட்டை என் கையில் வைத்தாள். "அடுத்த தடவ விருந்தாளி வந்தா இதையும் சொல்லட்டுமா டீச்சர்?" என்றாள்.

சொல்லச் சொல்லிவிட்டேன். அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அதே வாக்கில் இதுவும் சேர்த்தி: ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை அந்த வாசலில் நின்று, அவரைக் காட்டிய பிறகு என் பக்கமும் உள்ளங்கையை விரிக்கும். நான் தலையைக் குனியாமல் நிற்பேன்.

உங்கள் கூடப்பிறக்காத, உங்களுக்காக ஒரு வார்த்தை பேசாத தங்கச்சி,
செண்பகம்