சமையல் நேரத்து வோல்டேஜ்

அக்டோபர் 6, திங்கள்

சான்டா கிளாராவில் இன்னும் வெயில். வாங்க வேண்டியவை: இட்லி அரிசி, கறிவேப்பிலை, நிலாவுக்கு சாக்கர் சாக்ஸ்.

வியாழக்கிழமை எங்கள் கம்பெனி மெஷின்கள் ஆப்பிரிக்காவில் மலாவிக்குப் பறக்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்ஸிஜன் கொடுப்பவை. கரண்ட் போனால் தானாக பேட்டரிக்கு மாறும். அந்தப் பகுதி என் பொறுப்பு. லேபில் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாயிற்று. ஒரு தடவைகூடச் சொதப்பவில்லை.

காலையில் கிரேஸுடன் கால். அங்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸ். இருப்பது ஒரே பழைய மெஷின், அதை இரண்டு குழந்தைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பேச்சுவாக்கில் சொன்னாள்: சாயங்காலம் ஊரே சமைக்கும்போது வார்டு பல்பு மங்கிவிடுமாம். சிரித்துவிட்டு போனை வைத்தேன். அப்புறம் மனசில் ஏதோ உறுத்தல்.

அக்டோபர் 7, செவ்வாய்

பல் தேய்க்கும்போது பிடிபட்டது. லோ வோல்டேஜ்! விருதுநகரில் எங்கள் ஃப்ரிட்ஜ் அப்படித்தான் கருகியது. அப்பாவின் கத்தல் இன்னும் காதில்: "லைட்டு மங்குது பாரு, ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணு!"

எங்கள் மெஷினுக்குக் கரண்ட் 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டுதான் தெரியும். அரைகுறையாக வந்தால் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும். பேட்டரி பக்கம் திரும்பாது. மோட்டார் திணறி நிற்கும். குழந்தைக்கு ஆக்ஸிஜன் நிற்கும்.

பாஸ் கெவினிடம் சொல்லி, சரிசெய்ய ஒரு வாரம் கேட்டேன். அமெரிக்காவிலேயே பிறந்தவர், விளக்கு மங்கிப் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அங்கே ஒரு வாரம் குழந்தைகள் தவிக்குமே, அதற்கு நீ பொறுப்பா என்றார். நியாயமான கேள்வி. கோபமும் வந்தது, அவர் மேலா என் மேலா தெரியவில்லை.

செ. (கணவர், இங்கே ஓரெழுத்து போதும்) வெங்காயம் நறுக்கியபடியே: "வாயால சொன்னா யார் நம்புவா வேணி? ஓடவிட்டுக் காட்டு."

அக்டோபர் 8, புதன்

லேப். வோல்டேஜைத் திருகிக் குறைக்கும் பெட்டி ஒன்று உண்டு. எல்லோரையும் நிற்கவைத்து மெல்லத் திருகினேன். மெஷினில் முதலில் முனகல். பிறகு இருமல். பிறகு நின்றேபோனது. அலாரம் வீறிட்டது. முழு சார்ஜில் பேட்டரியின் பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

கெவின்: "ஷிப்மென்ட்ட நிறுத்துங்க." ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்குத் தமிழில் கேட்டது.

தாமதமாகும் என்று கிரேஸிடம் நானே சொன்னேன். "சரி. ஆனால் மெஷின் வந்தால் நிற்கக் கூடாது" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத நேரமில்லை. வீடு குப்பை. செ. சமையல், தினமும் எலுமிச்சை சாதம். நிலா தட்டைப் பார்த்து: "டாட், அகெய்ன்?"

முடிந்தது. இனி வோல்டேஜ் குறைந்தாலே பேட்டரிக்கு மாறும். மாறும்போது உள்ளே ஒரு சின்ன "டிக்". கெவின் தானே திருகிப் பார்த்தார், மறுபடி, மறுபடி. டிக். டிக். மெஷின் நிற்கவில்லை. "நாங்க யாருமே இதை யோசிக்கலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடக்கமாகச் சிரித்துவைத்தேன். காருக்குள் போய்த்தான் ஸ்டியரிங்கைக் குத்திக் கத்தினேன்.

நாளை கிளம்புகின்றன. ஒழுங்காகப் போய்ச் சேரணும்.

நவம்பர் 3, திங்கள்

தூறல். நிலாவுக்கு ஸ்கூலில் பல் செக்கப். பருப்பு தீர்ந்துவிட்டது.

கிரேஸிடமிருந்து வீடியோ! நிலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பதினேழு வயது அம்மா, முதல் பிரசவம், மாதம் நிறையும் முன்பே. மார்போடு துணி சுற்றிக் கட்டியிருக்கும் குழந்தை, மூக்கில் மெல்லிய குழாய். கேமராவுக்குப் பின்னாலிருந்து கிரேஸின் குரல்: "சமையல் நேரம். பல்பைப் பார்."

பல்பு மங்குகிறது. மஞ்சள், செம்மஞ்சள். குழந்தையின் முகமே தெரியவில்லை.

டிக்.

மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரை இருட்டில் அந்தப் பெண் சிரிக்கும் சத்தம்.

அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன்: "நம்ம ஃப்ரிட்ஜ் போனது வீண் போகலம்மா."

தற்பெருமை கூடாது என்றுதான் வளர்த்தார்கள். இந்த டைரியை யார் பார்க்கப்போகிறார்கள்?

நிலா வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். "அம்மா, வாட் வாஸ் தட் சவுண்ட்? தட் டிக்?"

"அது நான்தான்டி."