வெங்காய சூப்

செப்டம்பர் 7, ஞாயிறு
நான் கட்டிக்கப்போகிற விஷ்ணுவின் அம்மா ராஜகுமாரி பாரிஸிலிருந்து வந்துவிட்டார். பாண்டிச்சேரிக்காரர்தான், ஆனாலும் எங்கள் வீட்டுக்கு உடனே வர மாட்டாராம். "முதல்ல வெளியில சந்திப்போம். சென்னையில நல்ல பிரெஞ்சு பிஸ்ட்ரோ ஒண்ணு பாரும்மா" என்றார் போனில். இது எனக்குப் பரீட்சையா? குத்தம்பாக்கம் கிராமத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா?

அப்பாவிடம் சொன்னேன். "பிஸ்ட்ரோன்னா இன்னாம்மா? ஓட்டல்னு சொல்லேன்." அதோடு எழுந்து போய்விட்டார். அவர் தலையாட்டாமல் இந்தக் கல்யாணம் நடக்காது. இன்னும் ஆட்டவில்லை.

செப்டம்பர் 14
நுங்கம்பாக்கத்தில் ஒன்று — பேர்தான் பிரெஞ்சு, உள்ளே பன்னீர் டிக்கா. ஆழ்வார்பேட்டையில் ஒன்று — வெறும் கேக் கடை. கடைசியில் அடையாறில் ஒரு சின்ன இடம். அன்றைய சமையலைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரொட்டியைப் பிய்த்தால் மேல்தோல் நொறுங்குகிறது. இதுதான்! பூந்தமல்லி வந்து ஊருக்குப் பஸ் பிடிப்பதற்குள் கால் விட்டுப்போச்சு.

செப்டம்பர் 18
போச்சு. புரட்டாசி பிறந்ததை மறந்தே போனேன். ஆன்ட்டி ஊர் திரும்புவதற்குள் எல்லாருக்கும் தோதான நாள் 27 மட்டும். சனிக்கிழமை! அப்பா இந்த மாதம் முட்டைகூடத் தொடமாட்டார்.

"புரட்டாசி சனிக்கெழம அங்க வந்து நான் இன்னாத்த துன்றது?"

"வெங்காய சூப் கீதுப்பா."

கடைக்குப் போன் போட்டும் கேட்டுவிட்டேன். "வெங்காயந்தான் மேடம்" என்றார்கள். அப்பாடா.

செப்டம்பர் 27
எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அப்பா நெற்றியில் நாமத்தோடு வந்து உட்கார்ந்தார். ஆன்ட்டி அதையே பார்த்தார். சூப் வந்தது. அப்பா ஊதி ஊதி ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார் — ஆன்ட்டி எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"சம்பந்தி, வேணாம்! மாட்டெலும்பு போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணி அது."

எனக்கு உயிரே போய்விட்டது. வெங்காய சூப் என்றால் வெங்காயம் மட்டும்தான் என்று நம்பின மடச்சி நான். அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். வெறும் ரொட்டியைத் தின்றார். ஆன்ட்டியும் தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ரொட்டியே தின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கெடுத்துட்டேன். நானே கெடுத்துட்டேன்.

செப்டம்பர் 28
இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 30
காலையில் வயலுக்குக் கிளம்பின அப்பா, வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அணைத்தார்.

"இன்னாம்மா, சம்பந்தியம்மா பிளேன் ஏறிட்டாங்களா?"