குமாரு பெயரில் ஒரு பூட்டு

என் அருமை குமாரு,

உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். திட்டாதே. நீ டீ குடிக்கப் போய்த் திரும்பாத அன்றிலிருந்து இதில் யாரும் உட்காரவில்லை, உன் கம்ப்யூட்டரையும் அணைக்கவில்லை. அணைக்க யாருக்கு மனசு வரும்?

இன்றைக்கு நம் அம்பத்தூர் ஆபீசில் பழைய சர்வரைக் கழற்றுகிறார்கள். அதிலிருந்த வரைபடங்கள் எல்லாம் புதியதற்குப் போய்விட்டன, உன் ஊரான வெள்ளானூரின் வரைபடம் மட்டும் அசையவில்லை. ஃபோல்டருக்குள் பார்த்தால், யாராவது வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தால் தானாக முளைக்குமே, அந்தப் பூட்டுக் கோப்பு, அதில் உன் கம்ப்யூட்டரின் பெயர். குமாரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று அது சாதிக்கிறது!

புதிதாகச் சேர்ந்த திவ்யா, "அண்ணா, அந்த லாக் ஃபைல டெலிட் பண்ணிட்டு கட்-பேஸ்ட் பண்ணிடட்டா?" என்றாள்.

"கைய எடும்மா! வெள்ளானூர் காவா அதுலதான் கீது!" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப்போனாள்.

புது மனைகளுக்கு நடுவே அன்று காலையெல்லாம் நடந்து நீ கண்டுபிடித்த கால்வாய். வரைந்தாய், சேமித்தாயா? இல்லையென்றால் அந்தக் கோடு உன் திரையில் மட்டும்தான் இருக்கிறது. அது போய்விட்டால் தூர்வார வருகிறவர்கள் எங்கே தோண்டுவார்கள்? மழை பெய்தால் முதலில் உன் வீட்டுக்குள்தானே தண்ணீர் வரும்? லதா உன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

மேனேஜர் வேறு தலைமேல் நின்றுகொண்டு, "இன்னாப்பா, இன்னும் முடியலியா? கரண்ட புடுங்கப் போறாங்க" என்றார்.

உன் பாஸ்வேர்டு ஆபீசுக்கே தெரியும், பாப்பாவின் பெயர்தானே. அதை அடித்தேன். கால்வாய் ஏரிவரைக்கும் முழுசாக இருந்தது. மூடப் போனதும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. அடப்பாவி, நீ சேமிக்கவே இல்லை! சேமித்தேன், மூடினேன்.

"கட் பண்ணாத மாமே. காப்பி பண்ணு, தொறந்து பாரு, அப்பால பழச அழி" என்று நச்சரிப்பாயே, அப்படியேதான் செய்தேன். புது இடத்தில் திறந்து பார்த்தோம், கால்வாய் அப்படியே இருக்கிறது. திவ்யா கைதட்டினாள்.

என்னால் கைதட்ட முடியவில்லை. நான் மூடிய நொடியிலேயே அந்தப் பூட்டுக் கோப்பு தானாகப் போய்விட்டது, உன் பெயரோடு. நீ செத்துப்போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது, குமாரு. உன் மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

தூர்வார வரும்போது வரைபடத்தோடு நானே வந்து நிற்பேன். உன் வாசற்படியில் தண்ணீர் ஏற விடமாட்டேன்.

உன் மச்சான்,
பாபு