ஐந்து புட்டி மருந்து

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் கடிதம். வேலைக்காக உன்னிடம் விட்டு வந்த என் குட்டிக்குக் காய்ச்சல் என்றாய். புறப்படும்போது கடையில் ஐந்து புட்டி ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி வைத்துவிட்டு வந்தேனே, ஒன்றையாவது திறந்தாயா? “அவ பாத்துக்குவா, விடு” என்கிறார் உன் அண்ணன். அவருக்குத் தங்கை சொன்னதே வேதம். பெற்றவளுக்கு அப்படி இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் நான்கே நாளில் விட்டுவிட்டது. “இது வைரஸ் காய்ச்சல்மா, ஆன்டிபயாட்டிக்குக் கேக்காது. தண்ணி நிறைய குடுங்க” என்றார் டாக்டர். அதனால் கொடுக்கவில்லை. ஐந்தும் திறக்காமல் அப்படியே இருக்கின்றன. குட்டி என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை போடுகிறாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 2

நாத்தனாருக்கு,

டாக்டர் சொன்னாரா, நீ சொல்கிறாயா? மருந்தைக் கலக்கி, வேளை தவறாமல் ஊட்டி, துப்பினால் துடைக்க வேண்டும். அதற்குத் தையலை விட்டு எழுந்திருக்க வேண்டுமே. அடுத்த தடவை கேள்வி கேட்காமல் கொடு. காலிப் புட்டியைத் தூக்கிப் போடாதே, வந்து பார்ப்பேன். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணி

ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

நான்கு தடவை காய்ச்சல் வந்தது, நான்கு தடவையும் நீங்கள் போனில் கத்தினீர்கள், நான்கு புட்டி காலி. அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறேன். குட்டியின் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, சாப்பிட்டால் எரிகிறதாம். முன்பற்கள் பழுப்பாகிவிட்டன. நாளை பல் டாக்டரிடம் போகிறோம்.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 25

நாத்தனாருக்கு,

பல் சும்மா சொத்தையாகுமா? அழுதால் மிட்டாயைக் கொடுத்து வாயை அடைத்திருப்பாய். நீ பையில் மிட்டாய் வைத்திருப்பதாக உன் பக்கத்து வீட்டம்மா சொன்னாள். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வந்து குட்டியை அழைத்துக்கொள்கிறேன்.

அண்ணி

செப்டம்பர் 3

அண்ணிக்கு,

பையில் இருந்தது என் இருமலுக்கு வாங்கிய சப்பும் மாத்திரை. பல் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அடிக்கடி காய்ச்சல் வந்து, வாயால மூச்சு விட்டதுல எச்சில் வத்தியிருக்கு. வைரஸுக்குக் கேக்காத ஆன்டிபயாட்டிக், வாயில இருக்கற நல்ல பாக்டீரியாவை அழிச்சிருச்சு. அந்த எடத்துல பூஞ்சை வந்துருச்சு. சிரப்புல சர்க்கரை வேற. யாரு குடுக்கச் சொன்னா?” என்று கேட்டார்.

“நான்தான் குடுத்தேன்” என்றேன். உங்களைக் காப்பாற்ற அல்ல. வேண்டாம் என்று தெரிந்தும் கலக்கியது என் கை. உங்கள் சந்தேகத்துக்குப் பயந்து, பிள்ளைக்கு ஆகாததைச் செய்தேன். அது எனக்கே ஆறவில்லை. அவள் துணிகளை மடித்து வைத்துவிட்டேன், வந்து அழைத்துப் போங்கள்.

குட்டியின் அத்தை

டிசம்பர் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

அங்கிருந்து வந்த பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. நின்று உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குட்டியை அழைத்து வந்தேன். நீ வாசல்வரை வந்ததும், நான் திரும்பிப் பார்க்காததும் நினைவிருக்கிறது. இங்கே இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். இந்த டாக்டரும் உன் டாக்டர் சொன்னதையே சொன்னார். “யாரு குடுக்கச் சொன்னா?” என்று இவரும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குட்டி சொல்லிவிட்டாள்: “அத்தை வேணாம்னுதான் சொன்னா. அம்மாதான் போன்ல கத்தினா.”

போன வாரம் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். மருந்து எதுவும் கொடுக்கவில்லை, தண்ணீர்தான் கொடுத்தேன். நான் நீட்டிய டம்ளரை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, “இதுல என்ன கலந்தே?” என்று கேட்கிறாள். நான் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் குடித்தாள். அப்போதுதான் தெரிந்தது, நான் சந்தேகப்பட்ட அத்தனை மாதமும் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

தப்பு என்னுடையது. திட்டியாவது எழுது.

அண்ணி