கோடி பித்து

லிங்கராஜபுரம், பெங்களூர்
7-10-1959

அன்புள்ள உங்களுக்கு, பாமா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் வசந்தாவும் உயிரோடு இருக்கிறோம். இதை முதல் வரியில் எழுதச் சொன்னவர் பியாட்ரிஸ் டீச்சர். இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்க உங்களுக்கு மனம் நிற்காது என்றார். காகிதமும் அவர் கொடுத்ததுதான். நம் வீடு இல்லை. போன வியாழக்கிழமை மத்தியானம் ஏரித் தண்ணீர் நம் லைனையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம்.

நீங்கள் பத்ராவில் ஊருக்கெல்லாம் அணை கட்டுகிறீர்கள். இங்கே எங்களைப் பார்க்க ஆளில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டேன். இன்னும் மூட்டமாகத்தான் இருக்கிறது.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று ஒருவன் தமுக்கடித்துக்கொண்டு, "கெரே கோடி பித்து, கோடி பித்து" என்று கத்திக்கொண்டே கரைமேல் ஓடினான். பித்து என்றால் விழுந்தது என்று எனக்குத் தெரியும். கோடி என்றால் நம் லைனின் கோடி வீடு, சந்திரம்மா வீடு விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அவள் நிறைமாதக்காரி. தூங்கிக்கொண்டிருந்த வசந்தாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அங்கே வீடு நின்றது, சந்திரம்மா இல்லை. அவள் அதற்கு முன்பே கரையேறியிருந்தாள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவதைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்களாம். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை. திரும்புவதற்குள் சந்தில் தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது. கூரைக் கழியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தேன்.

வசந்தாவைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு லட்சுமம்மா. தமுக்குச் சத்தம் கேட்டவுடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் வசந்தா, கையில் தன் மகள் புட்டம்மா என்று இருவரையும் கரைமேல் சேர்த்திருக்கிறாள். பிறகு என்னைக் காணோம் என்று மறுபடி கீழே இறங்கியிருக்கிறாள். "பாமக்காவைக் கூட்டிட்டு வர்றேன், நகராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சனிக்கிழமை காலையில்தான் அவள் உடலை எடுத்தார்கள். புட்டம்மாவுக்கு ஏழு வயது. அவளுக்கு அம்மாவை விட்டால் யாருமில்லை.

நேற்று சர்க்கார் குமாஸ்தா வந்து பெயர் எழுதினார். மேட்டில் மனை தருகிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பள்ளத்துக்கே போக வேண்டியதுதான். போக்கிடம் இல்லாதவர்கள் இப்போதே அங்கே கீற்றுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆளில்லாத பிள்ளைகளைத் தனியாக எழுதி வேறெங்கோ ஆசிரமத்துக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் பெயரைக் கேட்டார். நான் வழக்கம்போல வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். யாரும் சொல்வதற்கு முன், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த புட்டம்மா "ஜெயராமன்" என்றாள். லட்சுமம்மா உங்களை ஜெயராமண்ணா என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்தானே. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, மூத்த மகளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். இருக்கிற வருமானத்தில் இன்னொரு வாயா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே வந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மேஸ்திரி லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டாவது வாருங்கள்.

குமாஸ்தா உங்களிடமும் பெண்கள் இருவரா என்று கேட்பார். அப்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு புட்டம்மா நிற்பாள்.

வழி பார்த்திருக்கும்,
பாமா