அடிக்காமல் விட்ட பெயர்

நவம்பர், செவ்வாய்க்கிழமை

காசிமேட்டில் படகு இன்ஜின் சர்வீஸ் செய்யும் என் கடைக்கு, வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எழுத நித்யாவைப் பிடித்தேன். மாதவரத்தில் வீட்டிலிருந்தே தனியாக வேலை எடுத்துச் செய்கிற பெண். என் பழைய நோட்டைப் புரட்டிவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "இதுல இப்ப இல்லாதவங்க யாராவது இருக்காங்களா சார்?"

"எல்லாரும் இருக்காங்கம்மா" என்றேன்.

அந்தோணியின் பெயரும் அதில் இருந்தது. போன வருஷம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடல் கரைக்கு வராதவன் பெயரை எங்கள் பக்கம் யாரும் கோடு போட்டு அடிப்பதில்லை. நானும் அடிக்கவில்லை.

இன்று காலை மென்பொருள் எல்லாருக்கும் சர்வீஸை நினைவூட்டும் முதல் செய்தியை அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் அந்தோணியின் மனைவி மேரி, அவன் வீட்டில் விட்டுப்போன போனோடு ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை.

"அண்ணே, இன்ஜின சர்வீசுக்கு எடுத்தாரச் சொல்லி அவரு பேரு போட்டு வந்துகீது. நீ அவரப் பாத்தியா? எங்க கீறாரு?"

"கம்ப்யூட்டர் தானா அனுப்பிச்சது மேரி."

அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். "இன்னொரு வாட்டி வருமாண்ணே?" என்றாள். வரவேண்டும் என்று கேட்டாளா, வரக்கூடாது என்றா, தெரியவில்லை.

அவள் போனதும் நித்யாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கேட்டது அவள், பொய் சொன்னது நான். இருந்தும் கத்தினேன். முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அவர் பேரை எடுத்துடவா சார்?" என்றாள்.

பழைய நோட்டில் அந்தோணியின் பக்கத்தைப் புரட்டினேன்.

"எடுக்கலன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா அவருக்கு மெசேஜ் போகும் சார்."

இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.